உணவின் அளவும் உடலின் நிறையும்

பழைய மாணவர்கள் ஒருங்கு கூடும் இடமெல்லாம் ஒரு வினா தவறாது எழக் காண்கின்றோம். ஒரு காலத்தில் தேயிலைச் சரிவுகளினூடே குறுக்குப் பாதைகளில் நடந்து கல்லூரிக்கு வந்தவர்கள், விளையாட்டுத் திடலில் களைப்பறியாது ஓடியவர்கள், இன்று கதிரையை விட்டெழும்போது மேசையைப் பற்றிக்கொள்கின்றனர். இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தது என வைத்தியர் கூறியதைச் சிலர் மெல்லிய குரலிற் சொல்கின்றனர். பின்னர், "நாளொன்றுக்கு எத்தனை கலோரி உண்டால் நிறை குறையும்? ஓர் எண்ணைச் சொல்லுங்கள்" என்கின்றனர்.

எல்லோர்க்கும் பொதுவான ஓர் எண் இல்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தமக்குரிய எண்ணைத் தாமே கணித்தறிய ஒரு வழி உண்டு. அதனை நம் மாணவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மலைநாட்டில் இவ்வினாவுக்கு வேறொரு பாதியும் உண்டு. நிறையைக் குறைக்க விரும்பும் மகன் அலுவலகத்தில் இருக்கின்றான்; நிறை போதாத தாய் இன்னும் கொழுந்துக் கூடையுடன் மலையில் நிற்கின்றாள். இருவர்க்கும் உணவு ஒரே அடுப்பில் ஆகின்றது. மகனுடைய கணக்கை மட்டும் போட்டுவிட்டுத் தாயுடைய கணக்கைப் போடாது விடுவது அரைகுறைப் பாடமேயாம்.

கலோரி யாது?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்துதற்கு வேண்டிய வெப்பத்தின் அளவே உணவு நூலார் கூறும் கலோரி. பௌதிக நூலார் இதனைக் கிலோகலோரி என்பர். விறகு எரிந்து வெப்பம் தருவதுபோல, உண்ட உணவும் உடலினுள்ளே மெல்ல மெல்ல எரிந்து ஆற்றலைத் தருகின்றது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் வில்பர் அற்வாட்டர், மனிதரை ஓர் அறையினுள் இருத்தி, அவர் உண்டதையும் வெளியிட்ட வெப்பத்தையும் நுட்பமாக அளந்தார். அவர் வழிவந்த எண்களே இன்றும் வழங்குகின்றன: மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரி; புரதம் 4; கொழுப்பு 9.

தமிழர் உண்ணும் உணவுகளுக்கு இக்கணக்கைப் போட்டு வைத்த இடமும் ஒரு தேயிலை மலையே என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918 இல் றொபேட் மக்கரிசன் தொடங்கிய ஆய்வு, பின்னர் போசணை ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அதன் பணிப்பாளராயிருந்த அய்க்றோயிட், இந்திய உணவுகளின் போசணைப் பெறுமானத்தை 1937 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அக்கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

நம் வீட்டுப் பொருள்கள் சிலவற்றை நோக்குவோம். சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. கோதுமை மாவுக்கும் பருப்புக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். சீனி 100 கிராமுக்கு 400, தேங்காயெண்ணெய் 900. கோவா, கரட், கீரை முதலிய மரக்கறிகள் 100 கிராமுக்கு 25 முதல் 40 வரையே தருவன. வெறும் தேநீரில் கலோரி இல்லையென்றே சொல்லலாம். அதிலிடும் ஒவ்வொரு தேக்கரண்டிச் சீனியும் 20 கலோரி.

உடலின் செலவு

வரவை அறிந்தோம், செலவு எவ்வாறு? ஒன்றும் செய்யாது படுத்திருப்பவனுக்கும் இதயம் துடிக்கவும், மூச்சு வாங்கவும், உடற்சூடு நிலைக்கவும் ஆற்றல் வேண்டும். இது அடித்தள அனுசேபம் எனப்படும். இதனைக் கணிக்க 1990 இல் மிவ்லின், செயின்ற் ஜோர் முதலியோர் தந்த வாய்பாடு எளிது. நிறையைக் கிலோகிராமிற் கொண்டு 10 ஆற் பெருக்குக. உயரத்தைச் சென்ரிமீற்றரிற் கொண்டு 6.25 ஆற் பெருக்கி அதனோடு கூட்டுக. வயதை 5 ஆற் பெருக்கிக் கழிக்க. ஆணாயின் 5 கூட்டுக. பெண்ணாயின் 161 கழிக்க.

இவ்வாறு பெற்றதை உழைப்பின் எண்ணாற் பெருக்கினால் ஒரு நாட் செலவு கிடைக்கும். உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் 2001 இற் கூட்டிய அறிஞர் குழு இவ்வெண்களை வகுத்தது. அமர்ந்தே வேலை செய்வோர்க்கு 1.40 முதல் 1.69 வரை, நடமாடி உழைப்போர்க்கு 1.70 முதல் 1.99 வரை, கடுமையாய் உழைப்போர்க்கு 2.00 முதல் 2.40 வரை.

குளிர் நாட்டில் இருக்கின்றோம், ஆதலின் மிகுதியாய் உண்ணவேண்டும் என்பார் நம்மிடையே உளர். உலக உணவு விவசாய நிறுவனத்தின் குழு 1950 இல் வெப்பநிலைக்கேற்பச் சிறு திருத்தம் கூறியது உண்மை. ஆயின் பிற்கால அறிக்கைகள் அத்திருத்தத்தைக் கைவிட்டன. கம்பளி உடுத்து, கதவடைத்து இருப்பவனுக்கு நுவரெலியாக் குளிர் மேலும் ஒரு ரொட்டி உண்ணுதற்குக் காரணமாகாது.

யார் நிறை குறைக்க வேண்டும்?

கணக்கிற்கு முன் ஒரு சோதனை. நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்றிணிவுச் சுட்டெண் கிடைக்கும். அது 18.5 இற்குக் குறைந்தால் நிறை போதாது. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அபாயம் ஏறத் தொடங்குகின்றது என்றும், 27.5 இற்கு மேல் அது மிகும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004 இல் அறிவித்தது. மேலும், நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றைச் சூழ்ந்தே முதலிற் சேரும். இடையின் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் கடத்தல் ஆகாது. இவ்வெல்லைகளுக்குள் இருப்பவர், பிறரைப் பார்த்துத் தாமும் பட்டினி கிடக்கவேண்டியதில்லை.

ஒரு வீட்டின் இரு கணக்குகள்

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கொள்வோம். மகனுக்கு வயது 35. ஹட்டன் நகரில் அலுவலக வேலை. உயரம் 165 சென்ரிமீற்றர். நிறை 78 கிலோகிராம். சுட்டெண் 28.6. நிறை குறைய வேண்டியவனே. அடித்தளச் செலவு 780 உடன் 1031 கூட்டி, 175 கழித்து, 5 கூட்ட 1641 ஆகும். இதனை 1.4 ஆற் பெருக்க, நாட் செலவு ஏறத்தாழ 2300 கலோரி.

தாய்க்கு வயது 50. உயரம் 150 சென்ரிமீற்றர். நிறை 40 கிலோகிராம். சுட்டெண் 17.8. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிரட்டுக்களம் சென்று, நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, நிறைந்த கூடையைத் தலைக்கயிற்றிற் சுமந்து நிறுவையிடம் சேர்ப்பவள். மாலையில் விறகும் நீரும் அவள் பொறுப்பே. அடித்தளச் செலவு 927. உழைப்பின் எண் 1.9 எனக் கொண்டால் நாட் செலவு ஏறத்தாழ 1760 கலோரி.

மகனுக்கு 2300, தாய்க்கு 1760; ஆகவே மகனே மிகுதியாய் உண்ணவேண்டியவன் எனச் சிலர் கருதலாம். நிறையோடு ஒப்பிட்டு நோக்குக. மகன் ஒரு கிலோகிராமுக்கு 29 கலோரி செலவிடுகின்றான். தாய் 44 செலவிடுகின்றாள். மேலும், மகனிடம் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 7700 கலோரி எனக் கொழுப்பு சேர்ந்து கிடக்கின்றது. ஒருவேளை உணவு குறைந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வான். தாயிடம் அத்தகைய சேமிப்பு இல்லை. அவளுக்குக் குறைந்தால், தசையையே உடல் உருக்கும், கொழுந்தின் அளவு குறையும், கூலி குறையும், அடுத்த வாரத்து உணவு இன்னும் குறையும்.

மகன் எவ்வளவு குறைக்கலாம்?

நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தல் நன்று. வாரத்தில் 3500, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோகிராம் கொழுப்பு. அவனது உணவு 1800 கலோரி ஆகும். அமெரிக்க இதய வைத்தியச் சங்கங்கள் 2013 இல் வெளியிட்ட நெறியும் 500 முதல் 750 வரை குறைத்தலையே கூறுகின்றது. பொதுவில் ஆண்களுக்கு 1500 முதல் 1800 கலோரியும், பெண்களுக்கு 1200 முதல் 1500 கலோரியும் என அது வகுக்கின்றது.

அந்த 500 எங்கிருந்து வரும்? நாளொன்றுக்கு ஆறு கோப்பைத் தேநீரில் இவ்விரு தேக்கரண்டிச் சீனி இடுபவன், நான்கு கோப்பைகளிற் சீனியை விட்டால் 160. மதியச் சோற்றில் 50 கிராம் அரிசியளவு குறைத்தால் 175. அவ்விடத்தைக் கீரையும் கோவாவும் நிரப்பட்டும். இரவில் 40 கிராம் மாவிலான சிறு ரொட்டி ஒன்றை விட்டால் 140. தாளிக்கும் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி குறைத்தால் 45. ஆக 520. இதிற் பட்டினி எங்கேயுளது? பருப்பையும் முட்டையையும் மீனையும் குறைத்தல் ஆகாது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

அலுவலகத்திலோ வகுப்பறையிலோ பணியாற்றும் பெண்களுக்கும் ஒரு கணக்குக் கூறுவோம். வயது 40, உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 60 கிலோகிராம் உடைய ஆசிரியை ஒருவர்க்கு நாட் செலவு ஏறத்தாழ 1650. அவர் 500 குறைத்தல் கடினம். 400 குறைத்து 1250 கொள்ளலாம். நிறை மெதுவாகவே இறங்கும். அதுவே அவர்க்கு ஏற்ற வேகம். வைத்தியர் மேற்பார்வையின்றிப் பெண்கள் 1200 இற்கும் ஆண்கள் 1500 இற்கும் கீழே செல்லற்க.

வாய்பாடு தரும் எண் ஓர் அணுகலே. மேனாட்டார் உடலை அளந்து பெற்றதாகலின், நம்மவர்க்குச் சிறிது கூடுதலாகவே காட்டலாம். ஆதலின், வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வேளையில், ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க. ஒரு திங்கள் கழிந்தும் நிறை இறங்காவிடில், நூறு கலோரி மேலும் குறைக்க அல்லது அரைமணி நேரம் கூடுதலாய் நடக்க. நிறை இறங்க இறங்கச் செலவும் இறங்கும் என்பதையும் மறத்தல் ஆகாது. மேற்கூறிய மகன் 70 கிலோகிராம் ஆகும்போது அவன் நாட் செலவு 2190 அளவே. முதலில் விரைந்து இறங்கிய நிறை பின்னர் நின்றுவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சுட்டெண் 23 ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நிறையில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் சீர்படக் காணலாம்.

மலையேற்றம் போதுமா?

"ஆண்டுக்கொருமுறை சிவனொளிபாத மலை ஏறுகின்றோமே" என்பார் உளர். அதனையும் கணித்துப் பார்ப்போம். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஏறும் உயரம் ஏறத்தாழ 1000 மீற்றர். 78 கிலோகிராம் உடலை அவ்வளவு உயர்த்துதற்குப் பௌதிகம் கூறும் வேலை ஏறத்தாழ 183 கலோரி. தசை தான் செலவிடும் ஆற்றலில் நாலிலொரு பங்கையே வேலையாக மாற்றவல்லது. ஆதலின் உடலுக்கு ஆகும் செலவு 730 கலோரி. இது கொழுப்பிற் கணித்தால் 100 கிராமும் நிறையாது. வழிக் கடைகளிற் சீனியிட்ட தேநீரும் எண்ணெய்ப் பலகாரமும் உண்டால் ஏறிய பயன் இறங்குமுன்பே கழிந்துவிடும். மலையேற்றம் இதயத்துக்கும் உள்ளத்துக்கும் நன்று. ஆயின் நிறை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டிலே. குறைந்த நிறையைக் காத்து நிற்பது நாடோறும் நடக்கும் நடையிலே.

ஒரே எண் ஒருவர்க்கு மருந்து, ஒருவர்க்குப் பட்டினி

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 - 45 இல், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார் 36 இளைஞரை ஆய்வுக்குட்படுத்தினார். அவர்கள் தாமாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்க்கு அளிக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரி. வாரந்தோறும் 35 கிலோமீற்றர் அளவு நடக்கவும் வேண்டும். அவர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர், வலிமை குன்றியது, குளிர் தாங்காராயினர், உள்ளம் சோர்ந்து, உணவைப் பற்றியன்றிப் பிறிதொன்றும் நினையாராயினர். 1570 என்பது அமர்ந்திருக்கும் பருத்த மனிதனுக்கு ஏற்ற மெலிவுணவு. நடந்து உழைக்கும் மெலிந்த மனிதனுக்கு அதுவே பட்டினி.

இப்பாடத்தைக் கற்க நம்மவர் அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு சுருங்கி, மாவும் கிட்டாது போனபோது, தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. அக்காலத்தை லயங்களிற் கழித்த முதியோர் இன்றும் அதைப் பேச விரும்புவதில்லை. அந்நிலை நீங்கிற்று, ஆயினும் குறை முற்றும் தீர்ந்ததன்று. 2016 ஆம் ஆண்டின் மக்கட்டொகை சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராயிருக்க, தோட்டப்புறத்தில் 32 பேராயிருந்தனர்.

ஆதலின், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சுட்டெண் 18.5 இற்குக் குறைந்தோர் ஆகிய நால்வகையினரும் மெலிவுணவு கொள்ளலாகாது. கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்க்கென 1973 முதல் வழங்கப்பட்டு வந்த திரிபோஷாவைப் பற்றி மருத்துவமாதரிடம் கேட்டறிந்து பெறுக. அதனைப் பெற்று வீட்டிற் பிறர் பங்கிடுதல் முறையன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர், வைத்தியரிடம் வினவாது உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவுமீறி இறங்கி மயக்கம் நேரலாம். முயலாமலே ஒருவர்க்கு நிறை குறையுமாயின் அது மகிழத்தக்கதன்று. உடனே வைத்தியசாலை செல்க.

கலோரி ஒன்றே உணவாகாது என்பதையும் தேயிலை மலையே உலகுக்குக் காட்டியது. இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்ந்து, 1979 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு அச்சத்தை அளித்தபோது அவர்கள் பறித்த கொழுந்து கூடியது எனக் கண்டது. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலிற் சேர்வது குறையும். ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

முடிவுரை

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தைக் காட்டிலும் உண்ணும் முறையையும் அளவையுமே மிகுதியாகப் பேசினார். அவர் எண் எதுவும் கூறவில்லை. எண் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை இன்றைய கணக்கும் உறுதி செய்கின்றது.

மேற்கூறிய வீட்டுக்கே மீண்டும் வருவோம். மகன் தன் தட்டிலிருந்து 500 கலோரி குறைக்க வேண்டும். தாயின் நிறை 45 கிலோகிராம் ஆதற்கு, அவள் தட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரி கூட வேண்டும். ஒரு முட்டை 75. ஐம்பது கிராம் பருப்பு 175. ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய் 45. ஆக 295. மகன் விட்ட சீனிக்கும் அரிசிக்கும் மாவுக்கும் ஆன பணத்தோடு சிறிது சேர்த்தால் இவற்றை வாங்கிவிடலாம். ஆயின் நம் வீடுகளில் தாய் எல்லோர்க்கும் பரிமாறிய பின்னர், பானையில் எஞ்சியதையே உண்கின்றாள். அவள் கேட்கமாட்டாள். அவள் சுட்டெண்ணை அவள் அறியாள்.

நம் பழைய மாணவருட் பலர் அத்தகைய தாயின் கூலியிற் படித்தவர்கள். இன்றைய மாணவருட் பலர் இன்றும் அவ்வாறே படிக்கின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. வாய்பாட்டைக் கற்றீர்கள், தாளும் பென்சிலும் எடுங்கள். முதலில் அம்மாவின் உயரத்தையும் நிறையையும் அளந்து அவர் கணக்கைப் போடுங்கள். அதன்பின் உங்கள் கணக்கைப் போடுங்கள். இன்றிரவு அவரையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். எந்தத் தட்டிற் குறைய வேண்டும், எந்தத் தட்டிற் கூட வேண்டும் என்பது அப்போது தெளிவாகும்.